மரத்தடியில் ஐந்து நாழிகை

நம் சமூகத்துக் குடும்பங்களுள் மிகப் பெரும்பாலானவை, இரண்டு தலைமுறைகளுக்கு முன்னர்வரை, வந்தவாசி, செய்யாறு, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் முதலிய வட்டாரங்களின் சிற்றூர்களில் உழவையே வாழ்வாகக் கொண்டு விளங்கியவை. விடியுமுன் எழுவதும், கிணற்றடியில் நீராடுவதும், ஜினாலயம் சென்று வழிபட்டபின் கழனிக்குப் போவதும், கதிரவன் மறையுமுன் வீடு திரும்பி உணவு கொள்வதும் அக்காலத்து அன்றாட நியதி. ‘இயற்கையோடு இயைந்த வாழ்வு’ என்று எவரும் அதற்குப் பெயர் சூட்டவில்லை. வேறுவகை வாழ்வு ஒன்று வரும் என்பதே தெரியாதபோது பெயர் எதற்கு?

இன்று அக்குடும்பங்களின் பிள்ளைகளும் பெயரர்களும் சென்னையிலும் காஞ்சியிலும் வேலூரிலும் புதுவையிலும் பெங்களூரிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். கல்வியாலும் உழைப்பாலும் அடைந்த உயர்வு அது. அதனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் ஒரு கணக்கை மட்டும் பார்க்கவேண்டியுள்ளது. பள்ளி செல்லும் சிறுவன் ஒருவன் நாளொன்றுக்கு எத்துணை நேரம் திறந்த வானத்தின்கீழ் இருக்கின்றான்? நமக்கு நெருங்கிய சில வீடுகளில் இதனைக் கேட்டுப் பார்த்தோம். பள்ளி வேனுக்காகத் தெருமுனையில் காத்து நிற்கும் நேரத்தைச் சேர்த்தும் அரை மணியைத் தாண்டாத பிள்ளைகளே மிகுதி. பாட்டனார் நிலை அதனினும் குறைவு. மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி ஏறுவதே அவருக்குப் பெரும்பாடு.

இவ்வாறு வெளியையும் ஒளியையும் மரத்தையும் விட்டு விலகியதனால் உடலுக்கும் உள்ளத்துக்கும் நேரும் இழப்பு யாது? அதனை நகர வாழ்விலிருந்தபடியே எவ்வளவு ஈடுசெய்ய முடியும்? இவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். மலையழகு, காட்டழகு என்று வருணிக்கப் புகுந்தால் பக்கங்கள் போதா. ஆதலின் அளந்து அறியப்பட்ட செய்திகளையே முதலிற் காண்போம்.

சாளரத்துக்கு வெளியே ஒரு மரம்

ரோஜர் உல்ரிச் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1984-ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ என்னும் அறிவியல் இதழில் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அளவிற் சிறியதாயினும் மருத்துவமனை கட்டுவோரின் எண்ணத்தையே மாற்றிய கட்டுரை அது. பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பையை அகற்றும் அறுவை செய்துகொண்டோரின் பதிவேடுகளை அவர் ஆராய்ந்தார். அம்மருத்துவமனையின் ஒரு பகுதியில் சில அறைகளின் சாளரம் மரக்கூட்டத்தை நோக்கியிருந்தது. மற்றைய அறைகளின் சாளரம் வெறும் செங்கற்சுவரை நோக்கியிருந்தது. இந்த ஒரு வேறுபாடு நீங்கலாக அறைகள் ஏறத்தாழ ஒரே தன்மையின.

அகவை, பால், உடற்பருமன், புகைப்பழக்கம் முதலியவற்றில் ஒத்திருந்தோரை இவ்விருவராக இணைத்து 23 இணைகளை, அஃதாவது 46 பேரை, அவர் ஒப்பிட்டார். மரங்கள் தழைத்திருக்கும் மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் அறுவை நிகழ்ந்தோரை மட்டுமே எடுத்துக்கொண்டார் என்பதும் கருதத்தக்கது. மரத்தைக் கண்டு படுத்திருந்தோர் சராசரியாக 7.96 நாட்களில் வீடு திரும்பினர்; சுவரைக் கண்டு படுத்திருந்தோருக்கு 8.70 நாட்கள் ஆயின. முன்னவர் கடுமையான வலிநீக்கி மருந்துகளைக் குறைவாகவே வேண்டினர். நோயாளி மனம் தளர்ந்திருக்கிறார், அழுகிறார் என்பன போன்று செவிலியர் எழுதிவைக்கும் குறிப்புகளும் அவர்கள்பால் மிகக் குறைவு.

நாற்பத்தாறு பேரைக் கொண்டு உலகுக்கெல்லாம் விதி வகுத்தல் தகுமோ என்று வாசகர் வினவலாம். நியாயமான வினாவே. செங்கற்சுவர் தந்த அலுப்புத்தான் தீமை செய்ததோ, மரம் நன்மை செய்ததோ என்றும் கேட்கலாம். பார்ப்பதற்கு எதுவுமற்ற அச்சுவரைக் கொண்டு நகரக் காட்சிகள் அனைத்தையும் எடைபோடலாகாது என்று உல்ரிச்சே அக்கட்டுரையில் எச்சரித்துள்ளார். எனினும் நமக்கு வியப்பளிப்பது வேறொன்று. அந்நோயாளிகள் மரத்தடிக்குச் செல்லவில்லை. அதன் காற்றைச் சுவாசிக்கவுமில்லை. படுத்த படுக்கையிலிருந்து கண்ணால் கண்டதே அவ்வளவு பயன் தந்திருக்குமாயின், எழுந்து நடமாடும் வலிமை உடைய நாம் எவ்வளவு பெறலாம்!

ஜப்பான் நாட்டு வனத்துறை 1982-இல் ‘ஷின்ரின்-யோக்கு’ என்ற சொல்லை வழக்கிற் கொணர்ந்தது. ‘காட்டில் நீராடல்’ என்று அதனைத் தமிழில் கூறலாம். நீர்தான் அங்கு இல்லை. மரங்களினூடே மெல்ல நடந்தும் அமர்ந்தும் காட்டின் ஒளி, ஒலி, மணம் ஆகியவற்றில் தோய்ந்திருத்தலே நீராடல். பின்னர் அந்நாட்டு ஆய்வாளர் 24 காடுகளில் இதனைச் சோதித்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். இளைஞருள் பாதிப்பேரைக் காட்டுக்கும் பாதிப்பேரை நகர வீதிக்கும் அனுப்பி, மறுநாள் இடம் மாற்றி அனுப்பினர். காட்டில் இருந்த நாளில் நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் குறைந்திருந்தன. மனவிறுக்கத்தின்போது மிகும் கார்டிசால் என்னும் சுரப்பும் உமிழ்நீரிற் குறைந்திருந்தது. இவை உடல்நலமுடைய இளைஞரிடம் சிறிது நேரத்துக்குக் கண்ட மாற்றங்கள் என்பதை மறக்கலாகாது. காட்டுக் காற்றே எல்லாப் பிணிக்கும் மருந்து என்று துண்டறிக்கை அச்சிடுவோரிடமிருந்து வாசகர்கள் விலகி நிற்றல் நன்று. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு மலைக்குப் போகச் சொல்லும் ஆய்வு எதுவும் இல்லை.

எவ்வளவு நேரம் வேண்டும்? இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய செய்திகளைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வொன்று, வாரத்துக்கு 120 நிமிடங்களேனும் பூங்கா, காடு, கடற்கரை போன்ற இடங்களில் கழித்தோர், அறவே செல்லாதோரைவிடத் தம் உடல்நலமும் மனநிறைவும் நன்றாயிருப்பதாகக் கூறினர் எனத் தெரிவித்தது. ஒரே நாளிற் சென்றாலும் பல நாட்களாகப் பிரித்துச் சென்றாலும் பயன் வேறுபடவில்லை. நலமுடையோரே மிகுதியாக வெளியே செல்கின்றனரோ என்னும் ஐயம் இத்தகைய ஆய்வுகளில் எஞ்சி நிற்கும். அதனை ஆய்வாளரும் ஒப்புகின்றனர். ஒரு நாழிகை 24 நிமிடங்கள் ஆதலின், 120 நிமிடங்கள் என்பது நம் பெரியோர் கணக்கில் சரியாக ஐந்து நாழிகை. வாரம் முழுமைக்கும் ஐந்து நாழிகை!

பிள்ளைகளின் கண்கள்

இனி, நம் குடும்பங்கள் அனைத்தும் கவனிக்கவேண்டிய செய்திக்கு வருவோம். திருமண வீடுகளில் குழந்தைகள் கூடி விளையாடும்போது பாருங்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் மூக்குக்கண்ணாடியோடு ஓடுகின்றனர். ‘மிகுதியாகப் படிக்கின்றான்’ என்று தாய்மார் சற்றுப் பெருமிதத்தோடும் கூறுவதுண்டு. தொலைக்காட்சியும் கைப்பேசியுமே காரணம் என்று தாத்தாமார் கடிந்துகொள்வதுண்டு. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் முழு உண்மை அல்ல.

சிட்னி நகரிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன இனத்துக் குழந்தைகளை, ஆறு ஏழு வயதினரை, ஆய்வாளர் ஒப்பிட்டு 2008-இல் முடிவை வெளியிட்டனர். குருதிவழி ஒன்றே; பெற்றோருள் கிட்டப்பார்வை உடையோர் அளவும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் சிங்கப்பூரில் 29.1 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 விழுக்காட்டினருக்கே. சிட்னிப் பிள்ளைகள் குறைவாகப் படித்தனரோ என்றால், அதுவும் இல்லை. வாரந்தோறும் அவர்கள் மிகுதியான நூல்களையே படித்திருந்தனர். பெரிதும் வேறுபட்டது ஒன்றே. சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு 13.75 மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருந்தனர்; சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3.05 மணி நேரமே இருந்தனர்.

ஒப்பிட்டுக் காண்பது ஒன்று. சோதித்துக் காண்பது மற்றொன்று. சீனத்தின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப்பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுட் பாதியில் நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தனர். மூன்றாண்டுகள் சென்றபின் பார்த்தபோது, வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை தோன்றியிருந்தது. வெளியே சென்ற பள்ளிகளில் 30.4 விழுக்காட்டினருக்கு. முடிவு 2015-இல் வெளியாயிற்று. நாற்பது நிமிடம் என்பது ஒரு முகூர்த்தத்துக்கும் குறைவு. ஒரு சாமாயிக நேரம்கூட அன்று! தைவான் நாட்டில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளொன்றுக்கு 120 நிமிடம் வெளியே இருக்கச் செய்யும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் ஏறிக்கொண்டேயிருந்த பார்வைக் குறைபாடு அதன்பின் இறங்கத் தொடங்கியது.

இதற்குக் காரணம் ஒளி என்று கருதுகின்றனர். ஒளியின் அளவை ‘லக்ஸ்’ என்னும் அலகால் குறிப்பர். நன்கு விளக்கேற்றிய அறையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். நம் கண்ணுக்கு அது போதிய வெளிச்சமாகவே தோன்றும். வெளியே மேகம் மூடிய பகலிலும் பத்தாயிரம் லக்ஸ் அளவு இருக்கக்கூடும்; வெட்டவெயிலில் ஒரு லட்சத்தை எட்டும். கண்ணின் பாவை தானே சுருங்கி விரிந்து இவ்வேறுபாட்டை மறைத்துவிடுவதால் நாம் உணர்வதில்லை. பேரொளி விழித்திரையில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. அது வளரும் கண் அளவுமீறி நீளாதபடி தடுக்கிறது. கண்கோளம் நீண்டுவிட்டாலே தொலைவிலுள்ள பொருளின் உருவம் விழித்திரைக்கு முன்னமேயே குவிந்து மங்கலாகிறது. கிட்டப்பார்வை என்பது அதுவே.

நீண்ட கண் மீண்டும் குறுகுவதில்லை. வெளியில் இருத்தல் குறைபாடு தோன்றாமற் காக்கவும் தள்ளிப்போடவும் உதவுகிறதேயன்றி, தோன்றியபின் அதே அளவு உதவுவதாகத் தெரியவில்லை. இளமையில் தோன்றும் கிட்டப்பார்வையே பின்னாளில் மிகப் பெரிதாக வளர்கிறது; மிகுந்த கிட்டப்பார்வை உடையோர்க்கு விழித்திரை விலகுதல் போன்ற இடர்கள் நேரும் வாய்ப்பும் மிகுதி. ஆதலின் ‘பத்தாம் வகுப்பு முடியட்டும், பிறகு விளையாடட்டும்’ என்று கூறும் பெற்றோர் காலம் தாழ்த்திக் கூறுகின்றனர். ஐந்து வயது முதல் பத்து வயது வரையே வெளியே அனுப்பவேண்டிய காலம். அதற்காகச் சித்திரை வெயிலில் நிறுத்தவேண்டா. மரநிழலின் ஒளியே அறை ஒளியினும் பன்மடங்கு. ஞாயிற்றை நேரே நோக்காதிருக்கப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் மட்டும் இன்றியமையாதது.

முதியோரின் உறக்கம்

நம் உறவினர் ஒருவர், ஊரில் கழனி பார்த்தவர், மனைவியார் மறைந்தபின் மகன் வீட்டுக்குச் சென்னைக்கு வந்தார். எண்பதை நெருங்கிய அகவை. வந்த சில திங்களில் இரவெல்லாம் விழித்திருப்பதும் பகலில் நாற்காலியிலேயே கண்ணயர்வதுமாகத் தடுமாறினார். துயரத்தால் வந்தது என்று அனைவரும் எண்ணினோம். அதுவும் ஒரு காரணமாய் இருந்திருக்கும். மருத்துவர் உறக்க மாத்திரை எழுதித் தரவில்லை. காலை ஆறரை மணிக்கு மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் உட்காரச் செய்யுங்கள் என்றார். மகனுக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. மின்தூக்கி இருந்ததால் முயன்று பார்த்தனர். மூன்று வாரம் சென்றபின் பெரியவர் இரவு பத்து மணிக்கு உறங்கத் தொடங்கினார். மாடியில் நான்கு மண்தொட்டிகளில் துளசியும் நந்தியாவட்டமும் வைத்திருக்கிறார். வேறு மாற்றம் எதுவும் அவர் வாழ்வில் இல்லை.

ஒருவரது அனுபவம் சான்றாகாது என்பதை அறிவோம். ஆனால் அம்மருத்துவர் கூறியதற்கு அடிப்படை உண்டு. உடலினுள்ளே ஒரு கடிகாரம் இயங்குகிறது. அதனை நாள்தோறும் திருத்தி வைப்பது கண்ணில் விழும் ஒளி. சிறப்பாகக் காலை ஒளி. பகலில் மங்கிய அறையிலும் இரவில் பளிச்சிடும் விளக்கிலும் இருப்போர்க்கு அக்கடிகாரம் பிந்திவிடும். உறக்கத்துக்கு உடலை ஆயத்தம் செய்யும் மெலடோனின் சுரப்பும் பிந்திவிடும். அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் எட்டுப் பேரை ஒரு வாரம் மின்விளக்கே இன்றிக் கூடாரத்தில் தங்கச்செய்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். கதிரவனும் இரவில் மூட்டிய தீயுமே அவர்களுக்கு ஒளி. ஒரே வாரத்தில் அவர்களது உடற்கடிகாரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னுக்கு நகர்ந்து, மெலடோனின் சுரப்பு கதிரவன் மறையும் வேளையையொட்டித் தொடங்கலாயிற்று.

இரவுண்ணாமை நம் சிராவகர் ஒழுக்கம். அது உயிர்க்கொலை தவிர்க்க வந்த அறமேயன்றி உறக்கத்துக்காக வகுத்தது அன்று. எனினும் அவ்வொழுக்கத்தைப் பேணும் வீடுகளில் மாலை உணவுக்குப்பின் ஒரு நெடும்பொழுது மிஞ்சுகிறது. முன்பு அப்பொழுதில் திண்ணையில் அமர்ந்து பேசினர். இப்போது அதனைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. உணவுக்குப்பின் அந்தி ஒளியில் தெருவில் ஒரு நடை போய்வருவதற்கு இதனினும் வசதியான வழக்கம் எந்தச் சமூகத்துக்கும் இல்லை.

வைட்டமின் ‘டி’ பற்றியும் ஒரு சொல். மீன், முட்டை ஆகியவற்றை விலக்கிய நமக்கு உணவின் வழியே அது கிடைப்பது அரிது. தோலில் படும் வெயிலே முதன்மை வழி. கண்ணாடிச் சாளரத்தின் வழியே வரும் வெயில் இதற்குப் பயன்படாது. வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். எலும்பு வலி உடைய தாய்மார் இரத்தம் சோதித்து மருத்துவரைக் கேட்டல் நலம்.

புல்லும் ஓரறிவுயிர்

உடல்நலப் பத்திரிகைகள் ‘வெறுங்காலோடு பச்சைப் புல்லின்மேல் நடவுங்கள்’ என்று எழுதுகின்றன. நம் வாசகருள் முதியோர் பலர் இதனைப் படித்துத் தயங்கியிருப்பர். முனிவர் பசும்புல்லை மிதியார். முன்னே நான்கு முழ நிலத்தை நோக்கி நடப்பர். மழைக்காலத்தில் உயிர்கள் பெருகுவதால் நான்கு மாதம் ஓரிடத்தே தங்குவர். இல்லறத்தார்க்கு அவ்வளவு கடுமை விதிக்கப்படவில்லை. எனினும் அத்தயக்கத்தை நாம் மதிக்கின்றோம். மேலே கண்ட ஆய்வுகளில் எதுவும் புல்லை மிதித்தலால் வந்த பயனைக் கூறவில்லை. கண்ட மரம், விழுந்த ஒளி, நடந்த நடை இவையே அங்குப் பேசப்படுபவை. மண் வழியில் நடந்தாலும் அவையெல்லாம் கிட்டும். பூப்பறித்தும் கிளையொடித்தும் கல்லெறிந்தும் ஆடாதபடி பிள்ளைகளைப் பழக்கவும் அதுவே இடம். ஓரறிவுயிர் எது, ஈரறிவுயிர் எது என்று பாடசாலையில் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு நத்தையையும் எறும்பையும் நேரே காட்டினால் பாடம் ஒருநாளும் மறவாது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். ஈர்யா சமிதியோடு நடப்பவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடக்க இயலாது. பூங்காவுக்குச் சென்றும் அதனையே பார்த்திருப்போரை நாள்தோறும் காண்கின்றோம்.

இனிச் செய்யத்தக்கது யாது? கோடை விடுமுறையில் உதகைக்கோ ஏற்காட்டுக்கோ ஒருமுறை சென்றுவருதல் இன்பமே. ஆனால் ஆண்டுக்கு மூன்று நாள் சென்றுவருதல் ஐந்து நாழிகைக் கணக்கை நிறைவுசெய்யாது. பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்பி, வீட்டுப்பாடத்தை விளக்கேற்றியபின் வைத்துக்கொள்ளலாம். கோடையில் பகல் பதினொரு மணி முதல் மூன்று மணி வரை தவிர்த்து, காலையையும் மாலையையும் பயன்படுத்தலாம். மரமே இல்லாத தெருவில் குடியிருப்போர்க்கு மொட்டைமாடி உண்டு.

நம் தலயாத்திரைகளைப் பற்றியும் நமக்கு ஒரு குறை உண்டு. போளூரை அடுத்த திருமலையில் பாறையிற் செதுக்கிய பதினாறடி நேமிநாதரை வழிபடச் செல்கின்றோம். வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையில் குந்தகுந்தர் திருவடிகளை வணங்கச் செல்கின்றோம். வேனில் இறங்கி, விரைந்து படியேறி, வணங்கி, படமெடுத்து, இறங்கி, உண்டு, அடுத்த தலத்துக்கு ஓடுகின்றோம். ஒரே நாளில் ஐந்து தலம் என்று அறிவிப்புப் பலகை எழுதுகின்றோம். ஆதிநாதர் ஆலமரத்தடியிலும் வர்த்தமானர் சால மரத்தடியிலும் கேவலஞானம் எய்தினர் என்று படிக்கும் நாம், அம்மலைகளின் மரநிழலில் அரை மணி நேரம் அமர்வதில்லை. யாத்திரை ஏற்பாடு செய்யும் அன்பர்கள் ஐந்தை இரண்டாகக் குறைத்தால், பிள்ளைகள் பாறைமேல் அமர்ந்து கீழே விரியும் ஏரியையும் வயலையும் பார்க்க நேரம் இருக்கும். அவற்றுள் தம் பாட்டனார் உழுத வயல் எது என்று கேட்கவும் கூடும். காட்டித்தர வல்லவர் ஒருவரையும் வேனில் அழைத்துச் செல்க. வடிகட்டிய நீரைச் சற்று மிகுதியாகவே எடுத்துச் செல்லவேண்டும்; மேலே ஏறியபின் பிள்ளைகள் எளிதில் இறங்க உடன்படமாட்டார்கள்.